நாலு கம்பு, ரெண்டு சேலை, ஒரு தீவு

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தூத்துக்குடிக் கடல் சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால் எங்கள் கரிசல் கிராமங்களில் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், "கடலா? பிள்ளைக்கு மொட்டை போடத் திருச்செந்தூர் போனப்போ பாத்தது" என்பார்கள். அதுவும் கூட்டத்துக்கு நடுவே பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, நகை பத்திரமா, பை பத்திரமா என்று பார்த்த கடல்! மற்ற நாளெல்லாம் உளுந்து எடுக்க, மிளகாய் பழம் எடுக்க, பருத்தி எடுக்க என்று காடே கதி.

இத்தனைக்கும் கடல் எங்களுக்கு அந்நியமில்லை. பக்கத்து ஓட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்த வ.உ.சி.தானே 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டவர்! வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து, 1974-ல் கட்டிய கட்டபொம்மன் நினைவுக் கோட்டையைச் சுற்றிப் பார்த்து, வாசலில் இளநீர் குடித்துவிட்டு அப்படியே திரும்பிப் போகிறார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போனால் ஒரு தீவே இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

முயல் தீவைத்தான் சொல்கிறேன். தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது. பெயர்தான் தீவு, தரை வழியாகவே போய்விடலாம், படகுக்குக் காசு அழ வேண்டாம். காணும் பொங்கலன்று தூத்துக்குடிக்காரர்கள் கட்டுச்சோற்றோடு குடும்பம் குடும்பமாகப் போகிற இடம். துறைமுக எல்லையைத் தாண்டிப் போக வேண்டியிருப்பதால், நீங்கள் போகிற நாளில் அனுமதி உண்டா, எத்தனை மணிவரை என்று முன்னாடியே விசாரித்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். நான் கீழே சொல்வதெல்லாம் முத்துநகர் கடற்கரைக்கும் பொருந்தும். இன்னொரு விஷயம்: மண்டபத்துக்கு எதிரே முசல் தீவு என்று ஒன்று உண்டு. பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று குழம்பிவிடாதீர்கள். அது தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, அங்கே நாம் கால் வைக்க முடியாது.

"தீவில் கூடாரம் போட்டு ராத்தங்கலாமா?" என்று வயசுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். சினிமாவில் பார்க்கிற ஆசை! முடியாது. விடிந்ததும் போய் இருட்டுமுன் திரும்ப வேண்டியதுதான். "வான் தீவுக்குப் போட்டில் கொண்டுபோய் விடுகிறோம்" என்று யாராவது ஆசை காட்டினாலும் போக வேண்டாம். தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை வரிசையாக இருக்கிற 21 தீவுகளும் 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அந்த 21-ல் இரண்டு இப்போது தண்ணீருக்குள். தூத்துக்குடிப் பக்கத்து விலங்குசல்லி ஒன்று, கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டி மற்றொன்று. வான் தீவும் தேய்ந்து தேய்ந்து, 1960-களில் இருந்ததில் சின்னத் துண்டாகத்தான் 2015 வாக்கில் மிஞ்சியது. அந்த வருஷத்திலிருந்து செயற்கைப் பாறைகளைக் கடலுக்குள் இறக்கி அலையைத் தடுத்து வருகிறார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று என்றால், தீவைச் சுற்றி அரண் மாதிரி இருந்த பவளப்பாறையைப் பல வருஷங்கள் வெட்டி எடுத்து, காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். கட்டட வேலைக்கும் போயிற்று. அரண் போனால் அலை நேரே மண்ணைத்தானே தின்னும்? கோட்டையை இடித்த கதை நமக்குத் தெரியாததா! பொங்கலுக்குப் பொங்கல் நம் பாட்டிமார் சுவருக்கு அடித்த வெள்ளையில் எத்தனை படி பவளமோ, யார் கண்டது. 2001-லிருந்து பவளத்தை எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கரையில் ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் பிள்ளைகள் பையில் போட விடாதீர்கள்.

சரி, பயணத்துக்கு வருவோம். தனியாகப் போகிறவர்களுக்குச் செலவே இல்லை எனலாம். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. பிள்ளைகுட்டியோடு, பானை சட்டியோடு என்றால் வேன்தான் வசதி. எங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து பிடித்தோம். வாடகையும் பலகாரமும் எல்லாம் சேர்ந்து வீட்டுக்கு 900 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. லோடு ஆட்டோவில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள் சிலர். காசு மிச்சம் என்று அதில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

கூடாரம் என்று கடையில் ஒன்றும் வாங்க வேண்டாம். ஆள் உயரத்துக்கு நாலு கம்பு, பழைய நூல் சேலை ஒன்று. நைலக்ஸ் வேண்டாம், உள்ளே புழுங்கும். நூல் சேலையில் காற்று நுழையும். காட்டில் காவல் பந்தல் போட்டவர்களுக்கு இது பெரிய வித்தையில்லை. ஆனால் கரிசல் மண்ணில் குத்தின கம்பு சிவனே என்று நிற்கும், கடல் மணலில் நிற்காது! காற்று ஒரு தட்டு தட்டினால் பந்தல் உங்கள் தலையில் இருக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. மஞ்சப்பை நாலு கொண்டு போங்கள். அதில் மணலை அடைத்துக் கயிற்றால் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்துவிட்டு, கயிற்றின் மறு நுனியைக் கம்பின் தலையில் இழுத்துக் கட்டுங்கள். அசையாது. தை மாசத்தில் வாடைக்காற்று வரும் என்பதால் அந்தப் பக்கம் சேலையைத் தாழ இறக்கி, எதிர்ப்பக்கம் திறந்து விடுங்கள்.

இனிமேல் சொல்வதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். தண்ணீர் விஷயம். கண்ணுக்கெட்டின மட்டும் தண்ணீர், குடிக்க ஒரு மடக்கு கிடையாது! அங்கே கிடைக்கும், கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தலைக்கு 3 லிட்டராவது கையோடு கொண்டு போங்கள்; கை கழுவ, பிள்ளை கழுவத் தனியாக ஒரு கேன். மைல் கணக்காகக் குடம் சுமந்த வம்சம் நாம், கொண்டு போவது கஷ்டமில்லை. கொண்டு போனதைக் குடிக்க மாட்டோம் என்பதுதான் கஷ்டம்.

எங்கள் அத்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்குத் தீவில் இறங்கினவர்கள் மத்தியானம் வரை ஒரு வாய் தண்ணீர் தொடவில்லை. செம்பை நீட்டினால், "பிள்ளைகளுக்குக் குடு தாயி, எனக்குத் தாகமில்ல" என்கிறார்கள். உதடெல்லாம் வெடித்திருக்கிறது. பக்கத்து வீட்டு மதினிதான் மெல்லச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "குடிச்சா ஒதுங்கணும்லா? ஒதுங்க எடம் எங்க இருக்கு?"

அதுதான் நிஜம். காட்டு வேலைக்குப் போகும்போதும், கல்யாண வேனில் ஏறும்போதும், கோயில் கொடையிலும் நாம் செய்வது இதையேதான். ஆண்கள் ஒரு பனை மரத்தைப் பார்த்தால் போதும். நாம் காலையிலிருந்து தாகத்தை அடக்கி, வந்ததையும் அடக்கி, வீடு வந்து மறுநாள் நீர்க்கடுப்பு என்று வெந்தயத்தை ஊறப்போட்டுக் குடிக்கிறோம். தண்ணீர் குறைவதும் அடக்கி வைப்பதும் சேர்ந்தால் சிறுநீர்ப் பாதையில் கிருமி தங்க வசதியாகிவிடும். அடிக்கடி இப்படியே இருந்தால் கல் சேரவும் இடமுண்டு. மாசமாக இருக்கிற பெண்களுக்கு இந்தக் கிருமி இன்னும் ஆபத்து. எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி என்றால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

அதனால் தீவில் முதலில் போட வேண்டியது பந்தல் இல்லை, மறைப்பு. இன்னும் நாலு கம்பு, அடர் நிறத்தில் இரண்டு சேலை. கூட்டத்திலிருந்து தள்ளி, அலை வராத மேட்டில், நாலு பக்கமும் சுற்றிக் கட்டிவிட்டு உள்ளே முழங்கால் ஆழம் ஒரு குழி. பக்கத்தில் ஒரு சிரட்டை; போனவர்கள் மணலைத் தள்ளி மூடிவிட்டு வரலாம். கிளம்பும்போது குழியை முழுக்க மூடிவிட வேண்டும். விலக்கான பெண்கள் நாப்கினைப் புதைக்காமல் காகிதத்தில் சுற்றித் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள். "இந்த நேரத்தில் கடலுக்கு வரக் கூடாது" என்று பெண்பிள்ளைகளை வீட்டில் நிறுத்துகிறார்களே, அதற்கு ஒரு காரணமும் கிடையாது. மறைப்பு இருந்தால் அவர்களும் வரட்டுமே!

மறைப்பைக் கட்டின அரை மணி நேரத்தில் அத்தை இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார்கள். அப்புறம் பார்க்க வேண்டுமே, அலையில் கால் நனைத்துக்கொண்டு பேரனோடு நண்டு விரட்டினதை!

கைப்பிள்ளைக்காரிகளுக்கு ஒரு வார்த்தை. ஆறு மாசம் நிரம்பாத குழந்தைக்கு வெயில் என்றாலும் தண்ணீர் புகட்ட வேண்டாம், தாய்ப்பால் போதும். அடிக்கடி எடுத்துக் கொடுங்கள். தண்ணீர் அதிகம் குடிக்க வேண்டியது நீங்கள். பெரியவர்கள் "ஒரு சங்கு தண்ணி குடுத்தா என்ன" என்பார்கள், கேட்காதீர்கள். மற்றப் பிள்ளைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் கொதித்து ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டின தேக்கரண்டியால் ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. கை மதிப்புக்குப் போடாமல் அளந்தே கலக்குங்கள்.

சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டாதீர்கள். முதல் நாள் ராத்திரியே புளிக்காய்ச்சல் செய்துவிட்டு, விடியலில் சோறு வடித்து நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறினால் மத்தியானம் வரை கெடாது. தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல், மோர் மிளகாய். தை மாசம் பாருங்கள், பனங்கிழங்குக் காலம்! மஞ்சள் உப்புப் போட்டு வேக வைத்து ஒரு கட்டு எடுத்துக்கொண்டால் பிள்ளைகள் நாளெல்லாம் நார் கிழித்துத் தின்றுகொண்டிருக்கும். குப்பையும் இல்லை, காசும் இல்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நாலு கீற்று. தேங்காய்ச் சட்னியும் தயிர்சாதமும் வேண்டாம். அந்த வெயிலில் புளித்துப் போகும்.

பிள்ளைகள் கடலில் இறங்கும்போது ஒரு சட்டம்: அவர்கள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறக் கூடாது, பெரியவர் ஒருவர் அவர்களுக்கும் ஆழத்துக்கும் நடுவே நிற்க வேண்டும். கரையிலிருந்து கண் வைத்துக்கொண்டிருப்பது போதாது. நம் பிள்ளைகள் கம்மாயில் நீந்துகிறவர்கள்தான். கம்மாய்த் தண்ணீர் உள்ளே இழுக்காது, கடல் இழுக்கும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடக்கச் சொல்லுங்கள், திருக்கை படுத்திருந்தால் விலகிப் போய்விடும். கண்ணாடிப் பை மாதிரி மிதக்கிற சொறியைக் கரையில் செத்துக் கிடந்தாலும் தொடக் கூடாது. பட்டுவிட்டால் நல்ல தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், மணலால் தேய்க்கவும் வேண்டாம். கடல் தண்ணீரிலேயே கழுவி, ஒட்டினதைத் துணியால் எடுத்துவிட்டு, பொறுக்கிற சூட்டில் வெந்நீர் இருந்தால் அதில் வையுங்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

ராத்திரி மணலில் படுத்து அலைச் சத்தம் கேட்டே ஆக வேண்டும் என்கிறவர்களுக்குத் திருச்செந்தூர் இருக்கிறது. சமீப வருஷங்களில் பௌர்ணமி இரவுகளில் ஆயிரக்கணக்கான பேர் குடும்பத்தோடு கோயில் கடற்கரையில் பாய் விரித்துப் படுத்திருந்ததுண்டு. கடல் அரிப்பாலும் கூட்டத்தாலும் அனுமதி மாறக்கூடும், கேட்டுவிட்டுப் போங்கள். அங்கே போனால் பாயோடு ஒரு கெட்டிப் போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுச்சாமத்துக்கு மேல் மணல் ஈரம் முதுகில் ஏறும். கம்பும் அந்த இரண்டு சேலையும் அங்கேயும் வேண்டியிருக்கும்.