தென்பெண்ணைக் கரையும் ரோமாபுரிச் சுவரும்

தை மாதத்து ஆற்றுத் திருவிழாவுக்கு மணலூர்பேட்டை போகிறீர்களா? தென்பெண்ணை மணலில் உலாவிவிட்டு உடனே பஸ் ஏறிவிடாதீர்கள். ஆற்றின் போக்கிலேயே போனால் திருக்கோவிலூர். மெய்ப்பொருள் நாயனார் ஆண்ட ஊர்.

கதைதான் உங்களுக்குத் தெரியுமே! அடியார் வேஷத்தில் வந்த முத்தநாதன், ஏட்டுக் கட்டில் ஒளித்திருந்த கத்தியால் அரசரைக் குத்திவிடுகிறான். பாய்ந்து வந்த மெய்காவலன் தத்தனைத் தடுத்து, 'இவர் நம்மவர், பத்திரமாக ஊர் எல்லை தாண்டி விட்டு வா' என்கிறார் அவர். அந்தச் சேதி வந்து சேரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார்.

ஆனால், சிவன் கோயில் பிராகாரத்தில் அறுபத்துமூவர் வரிசையில் அவரைப் பாருங்கள். காயமில்லை, ரத்தமில்லை. கூப்பிய கையோடு நிற்கிறார். கதை சொல்லத்தான் வீட்டில் பாட்டி இருக்கிறாளே என்று சிற்பி விட்டுவிட்டான் போலும்!

ரோமாபுரியில் இதற்கு நேர்மாறு. 1563-ல் முடிந்த ட்ரெண்ட் நகரத்துத் திருச்சபை மாநாடு, சித்திரங்கள் மக்களுக்கு விசுவாசத்தைப் போதிக்க வேண்டும் என்றது. 1582 வாக்கில், புனித முடியப்பரின் வட்டக் கோயில் சுவரில், வேதசாட்சிகள் உயிர்விட்ட முப்பதுக்கும் மேற்பட்ட காட்சிகளைத் தீட்டினார் நிக்கோலோ சிர்ச்சிஞானி. கொப்பரை, சிங்கம், வாள் எதுவும் பாக்கியில்லை. காட்சிக்குக் காட்சி அடையாள எழுத்துக்கள். கீழே அவற்றுக்கு விளக்கம். பாடப் புத்தகமேதான்! பின்னாளில் அதைப் பார்த்த நாவலாசிரியர் டிக்கன்ஸ், மிரண்டுபோய் 1846-ல் எழுதி வைத்தார். இத்தனை கோரத்துக்கு நடுவிலும் வேதசாட்சிகளின் முகத்தில் மட்டும் கலக்கமில்லை.

யாருக்காக இந்தப் பாடம்? சேசு சபையார் நடத்திய கல்லூரியில் குருப்பட்டத்துக்குப் படித்த ஜெர்மானிய இளைஞர்களுக்காக. ஊர் திரும்பினால் தங்களுக்கும் இது நேரலாம் என்று அவர்கள் தினமும் பார்த்துப் பழக வேண்டும்!

அதே சபையைச் சேர்ந்த போர்த்துகீசியர் ஜான் டி பிரிட்டோ, தமிழ்நாட்டில் அருளானந்தர் ஆனார். 1693 பிப்ரவரி 4-ல் மறவர் சீமையில், ஓரியூரில், தலை வெட்டுண்டு மாண்டார். அங்கே போகும் பக்தர்கள் செம்மணலை ஒரு பிடி அள்ளி வருகிறார்கள். அவர்களுக்கு அந்த மண்ணே சித்திரம்.

கோரத்தைக் காட்டி உறுதியை வளர்ப்பது ஒரு வழி. கூப்பிய கையை மட்டும் காட்டுவது நம் சிற்பியின் வழி. ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு, சகோதரிகளே! சொல்ல ஆளில்லாவிட்டால் கை மட்டும்தான் மிஞ்சும், கதை போய்விடும். ஆகவே குழந்தைகளோடு போகும்போது மெய்ப்பொருளார் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். கத்தியைப் பற்றிச் சொல்லுங்கள்; குத்தியவனுக்குத் துணையாகத் தத்தன் நடந்து போனதையும் மறக்காமல் சொல்லுங்கள்.