கூப்பிட்டால் வரும் பறவைகள்

பிள்ளைகளுக்கு விடுமுறை வந்தால் போதும், "எங்கேயாவது போகலாமே!" என்று எல்லார் வீட்டிலும் பேச்சு எழுந்துவிடுகிறது. ஊட்டியும் கொடைக்கானலும் பார்த்தாகிவிட்டதா? சரி, இந்தத் தடவை கொஞ்சம் பெரிய ஆசையாகவே படுவோம். ஆசைப்படுவதற்கு டிக்கெட் வாங்க வேண்டாம் அல்லவா?

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் பிறைபோல் வளைந்து கிடக்கிறது லார்ட் ஹோ தீவு. நீளம் சுமார் 10 கிலோமீட்டர். அகலம் மிஞ்சிப் போனால் 2. சிட்னியிலிருந்து சிறிய விமானத்தில் ஏறினால் 2 மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் ஒரே சமயத்தில் 400 விருந்தாளிகளுக்கு மேல் அங்கே தங்க முடியாது. ஆகையால் முதலில் தங்க இடம் பிடியுங்கள். பிறகு விமானத்தைப் பற்றி யோசிக்கலாம்.

எந்த மாதம் போவது? நம்முடைய மார்கழி அவர்களுக்குக் கோடை. அப்போது போனால் மலபார் குன்றுக்குச் செல்லுங்கள். ஆமாம், அங்கேயும் ஒரு மலபார் இருக்கிறது! நீண்ட சிவப்பு வால் கொண்ட வெண்பறவைகள் செங்குத்துப் பாறையின் எதிரே, காற்றில் பின்னோக்கிக் கரணம் போட்டுக்கொண்டிருக்கும். ஆனி, ஆடியில் போனால் வேறொரு அதிசயம் காத்திருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெட்டி கட்டும்போதுதான் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குச் சோதனை. பழம், விதை, கறிவேப்பிலை எதுவும் கூடாது. கொண்டு போகும் தின்பண்டம் எதுவானாலும் அதிகாரிகளிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பூட்ஸில் ஒட்டிய மண்ணைக்கூடத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

"இதென்ன, மாமியார் வீட்டைவிடக் கெடுபிடியாக இருக்கிறதே!" என்பீர்கள். காரணத்தைக் கேளுங்கள்.

1918-ல் மகாம்போ என்ற கப்பல் இந்தத் தீவின் அருகே தரை தட்டியது. கப்பல் பிழைத்தது. ஆனால் கப்பலிலிருந்த எலிகள் கரையேறிவிட்டன. அதுவரை எலியையே அறியாத பறவைகள் அவை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள், உலகில் வேறெங்குமே இல்லாத 5 வகைப் பறவைகள் பூண்டோடு அழிந்தன. எலியைப் பிடிக்கட்டும் என்று ஆந்தைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பறவைகளையும் சேர்த்துத் தின்றன!

வுட்ஹென் என்ற பழுப்புக் கோழியைச் சொல்ல வேண்டும். பறக்கத் தெரியாது. ஏதாவது சத்தம் கேட்டால் ஓடி ஒளியாமல், என்னவென்று பார்க்க நேரே வந்து நிற்கும் வெகுளி. 1980 வாக்கில் சுமார் 30-தான் மிஞ்சியிருந்தன. அவையும் பெரும்பாலும் மலை உச்சியில். பிடித்து வந்து, குஞ்சு பொரிக்க வைத்து, மறுபடி காட்டில் விட்டார்கள். 2019-ல் தீவு முழுவதும் எலி ஒழிப்பு நடந்தது. 2021-ல் எலி மீண்டும் தலைகாட்ட, மீண்டும் வேட்டை. பிறகு எடுத்த கணக்கில் வுட்ஹென் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. உங்கள் பூட்ஸை ஏன் சோதிக்கிறார்கள் என்பது இப்போது புரிகிறதா?

இனி அந்த அதிசயம். 875 மீட்டர் உயரமுள்ள கவர் மலைக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும். ஏறி இறங்க ஒரு பகல் ஆகும். குளிர்காலத்தில் அங்கே பிராவிடன்ஸ் பெட்ரல் என்ற கடற்பறவைகள் வட்டமிடும். வழிகாட்டி வாயைக் குவித்து உரக்கக் கூவுவார். உடனே அவை வானிலிருந்து பொத்தென்று காலடியில் வந்து விழும். கையில் எடுத்தாலும் திமிறுவதில்லை.

அந்தப் பெயருக்குத் தெய்வ அருள் என்று பொருள். 1790-ல் நார்ஃபோக் தீவில் பசியால் வாடிய கைதிகளுக்கும் சிப்பாய்களுக்கும் உணவாகி உயிர் காத்த பறவை இது. அவர்கள் லட்சத்துக்கு மேல் அடித்துத் தின்றார்கள். சில வருஷங்களுக்குள் அந்தத் தீவில் அது அடியோடு இல்லாமல் போயிற்று.

இத்தனைக்குப் பிறகும், மனிதன் கூப்பிட்டால் அது வருகிறது.

என்றைக்காவது ஒருநாள் அந்த மலையில் நின்று நீங்கள் கூப்பிடும்போதும் அது வரவேண்டும். அதற்காகப் பூட்ஸைக் கழுவினால் என்ன, கறிவேப்பிலையை வீட்டில் வைத்துவிட்டுப் போனால்தான் என்ன?