எஸ் எழுத்தைப் பிறகு பார்க்கலாம்

1893-எஸ் மோர்கன் டாலர் என்னும் அமெரிக்க வெள்ளிக்காசை யார் கொண்டுவந்தாலும் பின்பக்கத்தைக் காட்டித்தான் நீட்டுகிறார்கள். கழுகுக்கும் இலை வளையத்துக்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு ‘எஸ்’ இருக்கும். சான் பிரான்சிஸ்கோ நாணயசாலையின் முத்திரை அது. விலையெல்லாம் அந்த ஒற்றை எழுத்துக்குத்தான் என்பதால், கண்ணும் அங்கேதான் போகும். நான் காசை வாங்கியதும் திருப்பி, பெண்முகம் இருக்கும் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். கொண்டுவந்தவருக்குச் சில சமயம் இது எரிச்சலாக இருக்கும்.

காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் வெள்ளி விலை சரிந்து, வங்கிகள் வரிசையாகக் கதவடைத்த ஆண்டு 1893. அந்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் அடித்த டாலர்கள் ஒரு லட்சம் மட்டுமே. புழக்கத்துக்கென்று அடித்து, இன்று கைக்குக் கிடைக்கும் மோர்கன் டாலர்களில் இதைவிடக் குறைந்த எண்ணிக்கை வேறெதற்கும் இல்லை. அவற்றிலும் எத்தனை மிஞ்சின என்று யாராலும் சொல்ல முடியாது. 1918-ல் பிட்மன் சட்டத்தின்படி அமெரிக்க அரசு 27 கோடிக்கும் அதிகமான வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் பெரும்பங்கு பிரிட்டன் வழியாக இந்தியாவுக்கு வந்து, ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்த ரூபாய்களாயிற்று. உருக்கியபோது எந்த ஆண்டுக் காசு எத்தனை என்று கணக்கு வைக்கவில்லை. நம் பாட்டிமார் சுருக்குப்பையில் முடிந்து வைத்த ரூபாயில் ஏதோ ஒன்று 1893-எஸ் ஆகப் பிறந்ததாக இருக்கலாம் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

அதே 1893-ல் பிலடெல்பியாவில் 3,78,000 டாலர்கள் அடித்தார்கள். பிலடெல்பியா காசில் ஊர் முத்திரை கிடையாது. மற்றபடி வடிவம் ஒன்றே. ஆகவே அதன் பின்புறத்தில் ஓர் எஸ்ஸை ஒட்டிவிட்டால் விலை பல மடங்காகிவிடும். இது ஒரு வழி. 1898-எஸ் காசை எடுத்து, கடைசி எட்டைச் சுரண்டி மூன்றாக்குவது இன்னொன்று. மூன்றாவது கொஞ்சம் துணிச்சலான வேலை: பிலடெல்பியா காசின் முகப்பையும் வேறொரு மலிவான சான் பிரான்சிஸ்கோ காசின் பின்புறத்தையும் பாதிப் பாதியாகக் கடைந்து ஒன்றாகப் பொருத்திவிடுவார்கள். இதில் எஸ் நிஜமான எஸ்ஸேதான். அதை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் குறை தெரியாது.

ஆனால் இந்த மூன்று வழிக்காரர்களும் ஒரே இடத்தில் மாட்டுவார்கள். புழக்கத்துக்கான அந்த ஒரு லட்சம் காசுகளுக்கும் முகப்பு அச்சு ஒன்றே ஒன்றுதான். அந்த அச்சுக்கு அங்க அடையாளங்கள் உண்டு. ஆண்டெண் வலப்புறமாக லேசாக மேலேறி நிற்கும். அதன் ‘1’, விளிம்பைச் சுற்றியுள்ள சிறு பற்களில் ஒன்றுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும். தலைப்பட்டையில் ‘லிபர்ட்டி’ என்று ஏழு ஆங்கில எழுத்துகள் உண்டல்லவா, அதில் ஆறாவதான ‘டி’யின் மேல்பகுதியில் குறுக்காக ஒரு மெல்லிய கோடு. ஐந்தாவதான ‘ஆர்’ எழுத்தின் இடது பாதத்தில் இரண்டு சிறு புடைப்புகள். டி-யில் உள்ள கோடு நன்றாகத் தேய்ந்த காசில்கூடப் பெரும்பாலும் தப்பியிருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கோடு மேடாக இருக்க வேண்டும். பள்ளமாக இருந்தால் அது செல்லாது. எஃகு அச்சில் விழுந்த கீறல் காசில் மேடாக எழும்பும். காசின் மேல் பிற்பாடு யாராவது கீறினால் பள்ளம்தான் விழும். மேடா பள்ளமா என்று கண் பல நேரம் ஏமாறும். விளக்கை ஒரே பக்கத்தில் தாழ வைத்துக்கொண்டு, பத்து மடங்கு லென்ஸுக்கு அடியில் காசை மெதுவாகச் சுற்ற வேண்டும். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான் சாட்சி. புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் முதலில் தருவது விலை மலிந்த, எந்தச் சிறப்பும் இல்லாத 1921 மோர்கனைத்தான். அதில் மேடும் பள்ளமும் பிடிபட்ட பிறகே மற்றதெல்லாம்.

முகப்பு ஒத்துவந்தால்தான் எஸ்ஸுக்குப் போவேன். அச்சில் அடிபடும்போது வெள்ளி, சமதளத்திலிருந்து எழுத்துக்குள் ஏறி நிரம்புகிறது. அதனால் எழுத்தின் அடிவாரம் தளத்தோடு இழைந்திருக்கும். ஒட்டிய எழுத்து தளத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். அடியில் மயிரிழை போல் ஒரு கறுத்த சந்து தெரியும். பற்றாசு வைத்து ஒட்டியிருந்தால் சுற்றிலும் நிறம் மாறியிருக்கும். அதை மறைக்கத் தளத்தையே மெருகிட்டிருப்பார்கள். எண்ணைச் சுரண்டியிருந்தாலும் அப்படித்தான், சாய்ந்த ஒளியில் மூன்றைச் சுற்றி ஆழமில்லாத குழி ஒன்று தெரியும். பொருத்திய காசுக்கு விளிம்பின் உட்புறத்தில் வட்டமாக ஒரு மூட்டு ஓடும். அதைச் சுண்டினால் வெள்ளியின் நீண்ட நாதம் வராது, தட்டையாக ஒரு சத்தம் வந்து நின்றுவிடும். நம் ஊர்க் கடைக்காரர்கள் ரூபாயைச் சுண்டிப் பார்த்தது வீண் வேலை அல்ல.

எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. இவற்றைக் குறித்துக்கொள்வேன், ஆனால் இவற்றை வைத்து எந்தக் காசையும் நல்லது என்று சொல்ல மாட்டேன். திருத்திய காசுகளில் பெரும்பாலானவை அசல் காசுகள்தானே, எடை சரியாகத்தான் இருக்கும். வெள்ளிதானா என்று பார்க்கக் காந்தத்தை எடுத்துக்கொண்டு வருபவர்கள் மேலும் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. 1896, 1900, 1902 என்று ஆண்டெண் தாங்கிய, நியூ ஆர்லியன்ஸ் முத்திரை சிறியதாக இருக்கும் சில டாலர்களை வல்லுநர்களே நெடுங்காலம் அசல் என்று நம்பிவந்தார்கள். 2005-ல்தான் அவை பழைய போலிகள் என்று அறிவிப்பு வந்தது. அவற்றிலும் இருந்தது வெள்ளிதான். ஒரு டாலரில் உள்ள வெள்ளி அந்தக் காலத்தில் ஏறக்குறைய அரை டாலர்தான் பெறும். நல்ல வெள்ளியைப் போட்டே கள்ளக்காசு அடித்து லாபம் பார்க்க முடிந்தது. அந்தப் போலிகளைக் காட்டிக்கொடுத்தது அச்சு. வெவ்வேறு ஆண்டுக் காசுகள் ஒரே பின்புற அச்சின் குறைகளைச் சுமந்திருந்தன.

இன்று கள்ளக்காசு அடிப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். அசல் காசிலிருந்தே அச்சை வார்த்துக்கொள்கிறார்கள். அப்போது டி-யின் கோடும் சேர்ந்தே வந்துவிடும். ஆனால் அந்த அசல் காசு புழக்கத்தில் வாங்கிய அடிகளும் அதோடு வரும். ஒரே கன்னத்தில், ஒரே இடத்தில், ஒரே வடிவப் பள்ளம் இரண்டு காசுகளில் இருந்தால், குறைந்தது ஒன்று கள்ளக்காசு, பெரும்பாலும் இரண்டுமே. இதற்காகவே பார்த்த காசுகளின் படங்களைச் சேர்த்து வைக்கிறேன். லென்ஸைவிட அந்தப் படங்கள்தான் இப்போது எனக்கு அதிகம் உதவுகின்றன.

மையத்திலிருந்து விளிம்பை நோக்கி வெள்ளி ஓடிய நுண்ணிய தடங்கள், எழுத்தின் அடிவாரம், நூறாண்டுக் கறுப்பு, இவை எல்லாம் காசின் மேல்தோலில்தான் இருக்கின்றன. தேய்த்துக் கழுவிய காசில் பாதி சாட்சியம் போய்விடும். அசலாகவே இருந்தாலும் விலை வெகுவாகக் குறையும், பல சமயம் என்னால் உறுதியாக எதுவும் சொல்லவும் முடியாது. ஆகவே எந்த நாட்டுப் பழைய வெள்ளிக்காசு உங்கள் வீட்டில் இருந்தாலும், யாரிடமாவது காட்டப் போகுமுன் விபூதி போட்டுத் துலக்காதீர்கள். விளிம்பைப் பிடித்து எடுத்து, ஒரு காகித உறையில் போட்டு, கறுப்போடு அப்படியே கொண்டுபோங்கள்.