தள்ளுவண்டிச் சிக்கன்

கள்ளக்குறிச்சிப் பக்கம் களப்பணிக்கு வரும் மாணவர்கள் நல்ல சிக்கன் எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். தியாகதுருகம் போங்கள், பொழுது சாய்ந்தபின் போங்கள் என்பேன். மலைக்கோட்டை இருட்டில் மறையும் நேரம் தள்ளுவண்டிகளில் எண்ணெய் காயும். மிளகாய்த்தூளில் ஊறிய கறி, பொரிந்த கறிவேப்பிலை, மேலே வெங்காயம். நூறு கிராம் கணக்கில் நிறுத்துத் தருவார்கள். சிக்கன் 65ஐ 1965இல் தொடங்கியது தாங்கள்தான் என்கிறது சென்னை புகாரி ஓட்டல். இருக்கட்டும், எனக்கு வண்டிதான்.

அப்பா ஊர் டீக்கடையில் தனிக்குவளையில் குடித்து வளர்ந்தவர். கூலி வாங்கிய அன்று என்னை இங்கே கூட்டிவருவார். எல்லாருக்கும் ஒரே காகிதத் தட்டு. எந்தத் தெரு என்று யாரும் கேட்டதில்லை. எலும்பைக் கடித்தபடி அவசரமில்லாமல் நிற்பார். டீக்கடையில் அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

உண்மையில் எங்கள் வீட்டு மாட்டுக்கறி வறுவல் இதைவிட ருசி. பள்ளிக்கு அதைக் கட்டிக்கொடுக்கும்போது, யாராவது கேட்டால் கோழின்னு சொல்லு என்பார் அம்மா. 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு அறிவித்த பிரியாணித் திருவிழாவிலும் கோழிக்கு இடமுண்டு, மாட்டுக்கு இல்லை. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் சொல்லி விழா தள்ளிப்போனது.

இப்போது வறுவலை அலுவலகத்துக்கே எடுத்துப்போகிறேன். கேட்டால் மாட்டுக்கறி என்றுதான் சொல்கிறேன்.