ஊதா ஒளியில் ஒளிந்த மஞ்சள்

உம்மா விட்டுச்சென்ற புதினாத் தொட்டியை, வெயில் எட்டாத எம் அடுக்குமாடி வீட்டில், செடி வளர்க்கும் மின்விளக்கின்கீழ்ப் பேணி வந்தோம். கைப்பேசியில் படமெடுத்தால் செடி முழுதும் ஊதா. கணினியில் அந்நிறத்தைக் குறைத்தோம். இலைகள் சாம்பல் பூத்தனவேயன்றிப் பசுமை மீளவில்லை.

தாவரவியல் துறை நண்பர் விளக்கினார்: "இவ்விளக்கு உமிழ்வது பெரிதும் சிவப்பும் நீலமுமே. விளக்கு தராத பச்சையை இலை எங்ஙனம் திருப்பித் தரும்? படந்தான் எங்ஙனம் காட்டும்?"

விளக்கை அணைத்தோம். தொட்டியைச் சன்னலருகே வைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை நிறுத்தி, தாள் வெண்மையாகவே தெரியும்படி நிறத்தைச் சீர்செய்து மீண்டும் படமெடுத்தோம். ஊதா ஒளியில் எம் கண்ணுக்கும் தப்பிய உண்மை தெரிந்தது: அடியிலைகள் மஞ்சளித்திருந்தன! தழைச்சத்துக் குறைவென்றார் நண்பர். உரமிட்டோம், தளிர்த்தது.

திருத்தத்தைவிட நல்லொளியே முதன்மை என்பதை உம்மாவின் செடி எமக்குக் கற்பித்தது.