நாலு சீட்டு

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதையின் அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். 1996 அக்டோபரில் மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. வேகவைத்த மல்லாட்டை வாசனை, தெருச் சுவர்களில் புதிதாக அடித்த சுண்ணாம்பின் ஈர நெடி, அதன்மேல் காவியில் வரைந்த பூட்டுச் சாவி, ஆட்டோவில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியின் கரகரப்பு எல்லாம் எனக்கு ஒரே நினைவாகத்தான் வருகின்றன. பத்து வருஷம் கழித்து வந்த உள்ளாட்சித் தேர்தல் அது. சென்னையில் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு ஸ்டாலினை மேயராக்கியதும் அப்போதுதான். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கோ மேயரைவிட ஊராட்சித் தலைவர்தான் பெரிய ஆள். நோட்டீஸ்களை ஓடி ஓடிப் பொறுக்கி, சின்னம் வாரியாக அடுக்கி, பாய்க்கடியில் பத்திரமாக வைத்திருந்தேன்.

மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்து நடந்த முதல் தேர்தல். எங்கள் ஊரும் அந்தக் கணக்கில் வந்தது. புருஷன்மார் முன்னால் பேசிக்கொண்டு வர, வேட்பாளர் பின்னால் கும்பிட்டபடி நிற்பார். "நீ செத்த சும்மா இருப்பா, நிக்கிறவ பேசட்டும்" என்று என் ஆயா திண்ணையிலிருந்தே ஒரு புருஷனிடம் சொன்னதும், பின்னால் நின்ற அந்தம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தண்ணிக் குழாய் பற்றி மளமளவென்று பேசியது கண்ணிலேயே நிற்கிறது.

சந்தை நாளில் மலையிலிருந்து ஒரு தாத்தா இறங்கி வருவார். சாராய பாட்டிலில் தேன், துணி மூட்டையில் கடுக்காயும் சாமையும். அவர் வந்து உட்கார்ந்தாலே திண்ணையில் புகையும் தேனும் கலந்த வாசம் அடிக்கும். கல்வராயன் மலை 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. ஜாகீர் நிலத்தில் கூலியில்லாமல் ஏர் ஓட்டியதையும், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எட்ட நின்றதையும் அவர் யாருடைய கதையோபோல நிதானமாகச் சொல்வார். அந்த வாரம் மட்டும் குரல் மாறியிருந்தது. "நேத்து ரெண்டு பேரு எங்க குடிசைக்கே நடந்து வந்து என்னையக் கும்புட்டாங்கம்மா" என்றார். ஆயா ஒன்றும் பேசாமல் அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவர் சிரித்த சிரிப்பை மறக்க முடியவில்லை. தேர்தல் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த முகம்தான்.

ஓட்டன்று ஆயா விடியலிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு, பெட்டியில் மடித்து வைத்த சுங்குடிச் சேலையை எடுத்துக் கட்டினாள். பள்ளிக்கூட வாசல்வரைதான் என்னை விட்டார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பார்த்தேன். வார்டு உறுப்பினருக்கு, தலைவருக்கு, ஒன்றியத்துக்கு, மாவட்டத்துக்கு என்று நாலு சீட்டு. மை மற்ற சின்னத்தில் ஒட்டிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றையும் உதட்டருகே வைத்து ஊதி ஊதி, நெட்டுவாக்கில் மடித்துப் பெட்டியில் போட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் அவசரப்படவே இல்லை.

தண்ணிக் குழாய் பற்றிப் பேசிய அந்தம்மாதான் ஜெயித்தார். மாலையோடு வீடுவீடாக வந்தவரை ஆயா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, சொம்பில் மோர் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "குழாய எந்த மூலையில போடப் போற, இப்பவே காட்டிட்டுப் போ."