சில்லு மூக்கு

சின்ன வயதில் எனக்குச் சில்லு மூக்கு. பந்து பட்டால் உடையும். பலமாகத் தும்மினால் உடையும். சில நாள் எதுவுமே படாமல், வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே உடைந்து, கணக்கு நோட்டின் மேல் சிவப்பாக ஒரு சொட்டு விழும். வாத்தியார் அதைக் கண்டதும் பதறிப்போய் என்னை வெளியே அனுப்பிவிடுவார். கணக்கிலிருந்து தப்பிக்க ஒரு வழி கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேனே தவிர, மூக்கைப் பற்றி எனக்கு அப்போது வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை.

வருத்தப்பட்டவள் அப்பாயி. உறையூருக்கு மேற்கே, வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த எங்கள் கிராமத்தில் ஏழெட்டு ஆடுகளை வைத்துக்கொண்டு, தன் கைச்செலவைத் தானே பார்த்துக்கொண்டவள் அவள். எழுதப் படிக்கத் தெரியாது. "பையனுக்கு மூக்கு உடையறது நின்னா சமயபுரத்தாளுக்கு ஒரு கிடா" என்று வேண்டிக்கொண்டாள். நிற்கவில்லை. "நின்ன பிறகு கொடுக்கறேன்னு பேரம் பேசினா ஆத்தா கேட்பாளா? முதல்லே கொடுத்துடுவோம்" என்று தானே ஒரு முடிவுக்கு வந்து, 1962-ஆம் வருஷம் சித்திரைத் தேருக்கு என்னையும் கிடாவையும் நடத்திக்கொண்டு புறப்பட்டாள்.

விடியுமுன் கிளம்பினோம். காவிரிப் பாலத்தைத் தாண்டி, திருவானைக்காவலைத் தாண்டி, கொள்ளிடத்துப் பழைய பாலத்துக்கு வரும்போதே வெயில் ஏறிவிட்டது. 1928-இல் கட்டிய பாலம் அது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அது இடிந்து விழுந்த செய்தியைப் படித்தபோது, அன்று அதன்மேல் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி நடந்த சூடுதான் எனக்கு ஞாபகம் வந்தது. முன்னும் பின்னும் மஞ்சள் புடைவைகள், வேப்பிலை, தீச்சட்டி. கிடா வாயைத் திறக்கவில்லை. மூக்கைப் படபடவென்று விரித்துச் சுருக்கி இளைத்துக்கொண்டே எங்களோடு வந்தது.

டோல்கேட்டைத் தாண்டி ஒரு புளியமரத்தடிக்கு வந்தபோது என் மூக்கு உடைந்தது. வழக்கம்போல் ஒரு சொட்டு, இரண்டு சொட்டு அல்ல. சட்டையின் முன்பக்கம் முழுதும் நனைந்துவிட்டது. கூட்டம் சேர்ந்தது. குடை பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெரியவர், பார்த்தால் உத்தியோகஸ்தர் மாதிரி இருந்தார், "பையனை அண்ணாந்து பார்க்கச் சொல்லு! தலையைப் பின்னால் சாய்!" என்று அதட்டினார்.

அப்பாயி என் பிடரியைப் பிடித்து முன்பக்கமாகக் குனிய வைத்தாள். மூக்கின் கீழ்ப்பாதியில், எலும்பு முடிந்து மெத்தென்று இருக்கும் இடத்தில், இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாந்தா ரத்தம் எங்கே போகும், சாமி? தொண்டைக்குள்ளே போகும். ஆட்டுக்கு மருந்து புகட்டறப்போ தலையைத் தூக்கினா புரையேறிச் செத்தே போகும். ஆட்டுக்கு ஆகாதது பிள்ளைக்கு ஆகுமா?"

"ஆடும் மனுஷனும் ஒன்றா?" என்று கேட்டுவிட்டு அவர் குடையைச் சாய்த்துக்கொண்டு போய்விட்டார்.

"தம்பி, வாயாலே மூச்சு விடு. இந்த வழியா நூறு மஞ்சப் புடைவை போறவரைக்கும் நான் கையை எடுக்கமாட்டேன். எண்ணிக்கிட்டே இரு" என்றாள் அப்பாயி. குனிந்த தலையோடு பாதங்களையும் புடைவைக் கரைகளையும் பார்த்துக்கொண்டு எண்ணினேன். நூறு ஆனபோது அவள் கையை எடுத்தாள். ரத்தம் நின்றிருந்தது. பக்கத்துத் தண்ணீர்ப்பந்தலில் இரண்டு குவளை பானகம் வாங்கிக் கொடுத்தாள். அம்மனே பக்தர்களுக்காக இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி இருந்து, துள்ளுமாவும் பானகமும் இளநீருமாகக் காலம் தள்ளுகிற ஊர் அது. அங்கே போய்ப் பானகத்தை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

கிடாவைக் கோயிலில் விட்டுவிட்டு வந்தோம். என் மூக்கு அதற்கப்புறமும் இரண்டு மூன்று வருஷம் உடைந்துகொண்டுதான் இருந்தது. பிறகு தானாக நின்றுவிட்டது. கிடாவின் கணக்கில் அப்பாயி அதை வரவு வைத்துக்கொண்டாள்.

அந்தப் புளியமரத்தடியை நான் மறந்தே போனேன். பள்ளிக்கூடத்தில் முதலுதவி வகுப்பு என்று ஒன்று வைத்தார்கள். மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நோட்டில் எழுதிக்கொண்டேன். நோட்டில் எழுதினது பெரிதா, ஆடு மேய்க்கிற கிழவி சொன்னது பெரிதா?

1989-ஆம் வருஷம், பங்குனி மாதத்து இரவு ஒன்றில், அப்பாவின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. அவருக்கு அப்போது அறுபத்தாறு வயது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். சாப்பிட மறந்தும் போகிறவர். "சூடுதான்" என்றார்கள் வீட்டில். நான் படித்தவனாயிற்றே! தலையணையை எடுத்துவிட்டு அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, நெற்றியில் ஈரத் துணியைப் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் மூக்கிலிருந்து ஒழுகுவது நின்றுவிட்டது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு தூங்கப் போனேன்.

விடியற்காலையில் அவர் எழுந்து உட்கார்ந்து ஒரு சொம்பு அளவுக்கு ரத்தமாக வாந்தியெடுத்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. இரவெல்லாம் தொண்டைக்குள் இறங்கியதை, எங்களை எழுப்ப வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டே படுத்திருந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் மூக்கினுள் நீளமாகத் துணிச் சுருளை அடைத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். "நின்றுவிட்டது என்று நினைத்தேன், டாக்டர்" என்றேன். "நிற்கவில்லை. திசை மாறியிருக்கிறது" என்றார் அவர்.

அப்பா பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் பேசத் தெம்பு வந்ததும் என்னைப் பார்த்துச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான்: "அம்மா இருந்திருந்தா குனியச் சொல்லியிருப்பா." அப்பாயி போய் அப்போது பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பிறகுதான் மூக்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. டாக்டரே ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கழுத்தின் இரு பக்கமும் ஏறுகிற பெரிய ரத்தக் குழாய் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மூளைக்குப் போகிறது, இன்னொன்று முகத்துக்கு. முக்கொம்பில் பிரிந்த காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்குவது போல, இந்த இரண்டும் மூக்கில் வந்து சந்திக்கின்றன. மூளைக்குப் போகும் கிளையிலிருந்து கண்குழி வழியாகச் சின்னக் குழாய்கள் இறங்குகின்றன. முகத்துக்குப் போகும் கிளையிலிருந்து மூக்கின் பின்புறம் வழியாகவும் அண்ணம் வழியாகவும் மேலுதடு வழியாகவும் வருகின்றன. இரண்டு நாசிக்கும் நடுவிலுள்ள சுவரில், முன்பக்கம், விரல் நுனி எட்டுகிற இடத்தில், இவையெல்லாம் வலை போலப் பின்னிக்கொள்கின்றன. 1879-இல் லிட்டில் என்ற அமெரிக்க சர்ஜனும், 1884-இல் கீசல்பாக் என்ற ஜெர்மானியரும் இந்த இடத்தை எடுத்துக் காட்டினார்கள். சில்லு மூக்கு உடைவதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான். இந்த இடத்தைத்தான் அப்பாயி இரண்டு விரலால் பிடித்தாள்.

இவ்வளவு ரத்தத்தை இவ்வளவு மெல்லிய தோலுக்கு அடியில் ஏன் கொண்டுவந்து வைக்க வேண்டும்? உள்ளே போகும் காற்றைப் பதப்படுத்தத்தான். வெளியே இருப்பது மார்கழிக் குளிரோ, சித்திரையின் காய்ந்த காற்றோ, தொண்டைக்குப் போய்ச் சேருவதற்குள் அதைக் கிட்டத்தட்ட உடம்பின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் கொண்டுவந்துவிட வேண்டும். மூக்கின் உட்சுவர்களில் கடற்பஞ்சு போன்ற ரத்த அறைகள் இருக்கின்றன. அவை ஒரு நாசியில் உப்பினால் மற்றதில் வற்றும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாற்றிக்கொள்ளும். கைசர் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1895-இல் இதை விவரித்தார். இடகலை, பிங்கலை என்று சரம் பார்த்த நம்மவர்கள் மூச்சு மாறுவதை வெகு காலம் முன்பே கவனித்திருந்தார்கள். சித்திரைக் காற்று ஈரத்தை உறிஞ்சியதும் அந்த மெல்லிய தோல் வறண்டு வெடிக்கிறது. பையன் விரலை விட்டுச் சுரண்டினால் கேட்கவே வேண்டாம். 'சூடு' என்று நாம் சொல்வதில் பாதிக்குமேல் வறட்சிதான்.

வயதானவர்களுக்குச் சில சமயம் மூக்கின் பின்பக்கத்துப் பெரிய குழாய் விட்டுப்போகும். அப்பாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. அதை விரலால் பிடித்து நிறுத்தியிருக்க முடியாது என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். ஆனால் குனிய வைத்திருந்தால் ரத்தம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் இரவே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்போம். அந்த ஆறுதலை நான் முழுதாக ஏற்றுக்கொள்ள முடியாமல் இருப்பது இதனால்தான்.

"ஆடும் மனுஷனும் ஒன்றா?" என்று குடைக்காரர் கேட்டாரே, அது லேசான கேள்வி அல்ல. அந்தக் கேள்வியை வைத்தியர்கள் கேட்காமல் விட்டதால் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஒரு தப்பு நடந்திருக்கிறது.

ஆட்டின் மூளைக்கு அடியில் ஓர் அதிசயம் உண்டு. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அங்கே மயிர் போன்ற எண்ணற்ற கிளைகளாகப் பிரிந்து, ஒரு பந்து போலாகி, மறுபடி ஒன்றாகச் சேர்ந்து மேலே போகிறது. மூக்கின் ஈரத்தில் குளிர்ந்து திரும்புகிற ரத்தம் அந்தப் பந்தைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குள் சுருட்டி வைத்த குழாய் போல, மூளைக்குப் போகிற சூடான ரத்தம் அதற்குள் புகுந்து ஆறிப் போகிறது. எங்கள் கிடா கொள்ளிடத்து வெயிலில் மூக்கைப் படபடத்துக்கொண்டு வந்ததே, அது தன் மூளைக்குத் தானே விசிறிக்கொண்டு வந்திருக்கிறது! மாட்டுக்கும் செம்மறிக்கும் பூனைக்கும்கூட இந்த வலை உண்டு. குதிரைக்குக் கிடையாது. மனிதனுக்கும் கிடையாது. நமக்கு உடம்பு முழுதும் வேர்வை இருக்கிறது.

இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புகழோடு இருந்த காலென் என்ற வைத்தியர் விலங்குகளை அறுத்துப் பார்த்து இந்த வலையைக் கண்டார். மனித உடலை அறுக்க அங்கே வழக்கம் இல்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருப்பது மனிதனுக்கும் இருக்கும் என்று எழுதிவிட்டார். பின்னால் வந்தவர்கள் பிணத்தை அறுத்தபோதும் தங்கள் கண்ணை நம்பாமல் ஏட்டை நம்பினார்கள். 1521-இல் இத்தாலியில் பெரங்காரியோ என்பவர், தாம் எவ்வளவு தேடியும் அதைக் காணவில்லை என்று எழுதினார். 1543-இல் வெசாலியஸ் தம்முடைய பெரிய நூலில் அது மனிதனுக்கு இல்லவே இல்லை என்று சொன்னார். அதோடு ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். மனிதத் தலையில் வலையைக் காட்ட முடியாததால், மாணவர்களுக்குக் காட்டுவதற்கென்று ஓர் ஆட்டுத் தலையையோ மாட்டுத் தலையையோ தாம் பக்கத்தில் வைத்துக்கொள்வது வழக்கமாம்!

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலென் ஆட்டைப் பார்த்து மனிதனைச் சொன்னார், தவறிப் போனார். அப்பாயியும் ஆட்டைப் பார்த்துத்தான் மனிதனைச் சொன்னாள், தவறவில்லை. ஆடு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அப்பாயி ஆட்டின் தொண்டையோடு நிற்காமல், என் முகத்தையும் பார்த்தாள். ரத்தம் எங்கே போகும் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். நூறு புடைவை போகும்வரை பிடித்திருந்து, நின்றதா என்று பார்த்தாள். ஏட்டில் இருந்ததை நம்பி, எதிரே இருந்ததைப் பார்க்காமல் போனவர்களின் வரிசையில், வெசாலியஸின் மாணவர்களுக்குப் பின்னால், கடைசியாக நான் நிற்கிறேன்.

இன்று முதலுதவிப் புத்தகங்களெல்லாம் அப்பாயியின் கட்சிக்கு வந்துவிட்டன. உட்கார வைத்து முன்பக்கம் குனியச் செய்ய வேண்டும். மெத்தென்ற கீழ்ப்பகுதியைப் பத்துப் பதினைந்து நிமிஷம் விடாமல் பிடிக்க வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. வாயில் வருவதை விழுங்காமல் துப்ப வேண்டும். அதற்கும் நிற்காவிட்டாலும், வயதானவர்களாகவோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களாகவோ இருந்தாலும், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

போன சித்திரையில் சமயபுரம் போயிருந்தேன். நடந்து அல்ல, இந்த வயதில் பஸ்தான். அன்று சனிக்கிழமை, ஆட்டுச் சந்தை. ஒரு கிடாவின் எதிரில் நின்று, அது இளைப்பதையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்கய்யா, அப்படிப் பார்க்கறீங்க?" என்றான் ஆட்டுக்காரன்.

"மூக்கைப் பார்க்கிறேன், அப்பா."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. ஆடு வாங்கத் தெரிந்தவன் வந்துவிட்டான் என்று நினைத்திருக்க வேண்டும். "நல்லாப் பாருங்க, ஈரம் காயவே இல்லை. பல்லையும் பாருங்க" என்று சொல்லி, கிடாவின் தலையைப் பிடித்து மேலே தூக்கினான்.

"தூக்காதே, தூக்காதே" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். சந்தையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.